பின் ஆக்சிலின் விகிதம்: கண்டுபிடிக்கும் வழிகளும் அவற்றின் நம்பகமும்

வண்டியின் ஆர்.சி.யில் சேசிஸ் எண் இருக்கும், இன்ஜின் எண் இருக்கும், எடை, வீல்பேஸ், சி.சி., இருக்கைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். பின் ஆக்சிலின் விகிதம் மட்டும் இருக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அந்த வண்டி எந்த கியரில் ஏறும், நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் எவ்வளவு கத்தும், ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதிலெல்லாம் பெரும்பங்கு வகிக்கும் எண் அது. பழைய வண்டி வாங்குபவரும், கிரவுன் செட் மாற்றுபவரும், பெரிய டயர் போட நினைப்பவரும் ஏதோ ஒரு நாள் அதைத் தேட வேண்டியிருக்கிறது. தேடும் வழிகள் பல. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் நம்ப முடியாது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கியர்பாக்ஸிலிருந்து பின்னோக்கி வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில் ஹவுசிங்குக்குள் ஒரு சிறிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பட்டறையில் அது டெயில் பினியன். அது கடித்துத் திருப்பும் பெரிய சக்கரம் கிரவுன். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால், 41ஐ 11ஆல் வகுக்க 3.727 வரும், விளம்பரத் தாளில் 3.73 என்று அச்சாகும். சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 3.73 முறை சுற்றியாக வேண்டும். எண் பெரிதாக ஆக இழுவை கூடும், வேகம் குறையும்.

இதன் கனத்தை உணர ஒரு லாரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் 2,400 சுற்றுக்கு மேல் போகாது, டாப் கியர் நேரடி கியர் (இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே சுற்றில் ஓடும்), 10.00 ஆர் 20 டயர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்வோம். இந்திய லாரிகளில் பழகிய இரண்டு விகிதங்கள் 41/7, 41/6, அதாவது 5.86, 6.83. முதலாவதில் அந்த லாரி மணிக்கு 78 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டாவதில் 68ஐத் தொடாது. ஆனால் சுமையோடு திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளை ஏறும்போது இரண்டாவது லாரிக்குச் சக்கரத்தில் சரியாக ஆறில் ஒரு பங்கு கூடுதல் இழுவை கிடைக்கும். இத்தனைக்கும் வித்தியாசம் பினியனில் ஒரே ஒரு பல்.

இந்த எண்ணைத் தேடுபவருக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது. பல் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும்; அரைப் பல் கிடையாது. அதிலும் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் பல் ஜோடிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு. ஆகவே 3.7273 என்று நான்கு தசமம் வரை அளக்கும் அவசியம் நமக்கு இல்லை. இருக்கக்கூடிய மூன்று நான்கில் எது என்று பிரித்தறிந்தால் வேலை முடிந்தது. சாக்பீஸும் பொறுமையும் இருந்தால் அதைச் செய்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. கருவியை நம்பி இறங்குபவர்கள்தான் பெரும்பாலும் தவறான எண்ணோடு திரும்புகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பல் எண்ணிக்கையில் 37, 41, 43 என்று பகா எண்கள் அடிக்கடி தென்படுவது தற்செயல் இல்லை. கிரவுனில் 40, பினியனில் 10 என்று வைத்தால் பினியனின் ஒரு பல், கிரவுனின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பல்லில் சிறு குறை இருந்தாலும் அந்த நான்கும் சேர்ந்து தேயும். 41க்கு 10 என்று வைத்தால் ஒவ்வொரு பல்லும் மற்றதன் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாகப் பரவும். விகிதங்கள் 4.00, 3.50 என்று அழகான எண்களாக இல்லாமல் 4.10, 3.73, 3.91 என்று கோணலாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். நம் தேடலுக்கும் இந்தக் கோணல் பெரிய உதவி செய்யும்.

முதல் வழி காகிதம். வண்டியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், எண்ணெய் அளவுக்கும் டயர் காற்றுக்கும் அருகே, விகிதம் அச்சாகியிருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் பிக்கப்புகளில் இது இன்னும் எளிது. ஃபோர்டு வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஆக்சிலுக்கென்று தனிக் குறியீடு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் குறியீட்டுத் தாளில் ஜி.யு.6 என்றிருந்தால் 3.42, ஜி.டி.4 என்றிருந்தால் 3.73, ஜி.டி.5 என்றிருந்தால் 4.10. டொயோட்டா தன் தகட்டில் கியர்பாக்ஸ், ஆக்சில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி ஒதுக்கும். அதில் ஆக்சில் குறியீட்டின் நடுவிலுள்ள இலக்கங்கள் விகிதத்தைக் குறிக்கும். இலங்கையில் ஓடும் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இந்தத் தகட்டை இன்றும் பார்க்கலாம். இந்தியாவில் வாங்குபவர் கையில் கிடைக்கும் தாள்களில் இவ்வளவு தாராளம் இல்லை. சேசிஸ் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் சர்வீஸ் மையத்திலோ உதிரிபாகப் பட்டியலிலோ விசாரிப்பதுதான் வழி. பதினேழு எழுத்து கொண்ட அந்த எண்ணுக்குள்ளேயே விகிதம் ஒளிந்திருக்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. அந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் பதிவேட்டைத் திறக்கலாம், அவ்வளவுதான்.

காகிதத்தின் குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் வண்டியில் என்ன இருந்தது என்று அது சொல்லும். இன்று என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் பின் ஆக்சில் விகிதம் 4.88. போர் முடிந்து பொதுமக்களுக்கு விற்ற சி.ஜே. 2ஏ மாடலில் அது 5.38 ஆனது, ஏர் பூட்டி உழவும் பயன்படும் வண்டி என்றுதான் அதை விற்றார்கள், அதற்கேற்ற இழுவை. முன்னது 39க்கு 8, பின்னது 43க்கு 8. வில்லிஸ் ஜீப்பை 1947இல் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா அந்த வம்சத்தைப் பல பத்தாண்டுகள் நீட்டித்தது. இன்று ஓடும் பழைய ஜீப்புகளில் பல, மூன்று நான்கு கை மாறியவை. ஒருவர் வேகம் வேண்டும் என்று ஆக்சிலை மாற்றியிருப்பார்; அடுத்தவர் மலைத்தோட்டத்துக்கு என்று திரும்பவும் மாற்றியிருப்பார்; இன்னொருவர் கிடைத்த ஆக்சிலை மாட்டியிருப்பார். இப்படிப்பட்ட வண்டியின் பழைய கையேட்டைப் புரட்டுவதில் பொருள் இல்லை.

அடுத்தது ஆக்சிலிலேயே இருக்கும் அடையாளம். டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சிறு தகரத் துண்டு மாட்டியிருப்பது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். அதில் 3.73 என்றோ, 41-11 என்று பல் எண்ணிக்கையாகவோ பொறித்திருக்கும். மண்ணும் எண்ணெயும் அப்பிய அந்தத் துண்டைக் கம்பி பிரஷால் தேய்த்தால் எழுத்து தெரியலாம். தெரியவில்லை என்றாலும் ஆச்சரியம் இல்லை. எப்போதோ மூடியைக் கழற்றிய மெக்கானிக், திருப்பி மாட்டும்போது தகரத்தைத் தூர எறிந்திருப்பார். வேறொரு வண்டியின் மூடியே இதில் வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். தகரம் சாட்சி சொல்லலாம். அந்த ஒரு சாட்சியை வைத்தே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இனி சாக்பீஸ் வழிகள். இவற்றில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன்.

மிக எளியது வண்டியைத் தள்ளுவது. சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பின் டயரின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு, தரையில் அதற்கு நேராக ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து பிரேக்கைக் கவனிக்க, இருவர் நேர்கோட்டில் மெதுவாகத் தள்ள, இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து நடந்தபடி ஷாஃப்டின் சுற்றுகளை எண்ண வேண்டும். யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இப்போதெல்லாம் போனை எதிரே தரையில் வைத்து வீடியோ எடுத்துப் பிறகு நிதானமாக எண்ணுகிறார்கள், அதுவே மேல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் மூன்று முழுச் சுற்றும் ஏறத்தாழ முக்கால் சுற்றும் போனால் 3.73. நான்கு முழுச் சுற்றுக்குப் பிறகு பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்ந்தால் 4.10 அல்லது 4.11. சுசுகியின் சின்ன ஜீப்புகளில் எஸ்.ஜே. 410க்கு 4.11, பின்னால் வந்த சாமுராய்க்கு 3.73, இந்த இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு சக்கரச் சுற்று போதும். பழைய ஜீப்பில் பத்துச் சக்கரச் சுற்றுக்கு 48 முக்காலா, 53 முக்காலா என்று பார்த்தால் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

தள்ள இடம் இல்லாதவர்கள் ஜாக்கியைத் தேடுவார்கள். இங்கேதான் பலரும் இடறும் ஒரு நுட்பம் இருக்கிறது. டிஃபரன்ஷியலின் வேலையே இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது. 1827இல் பிரான்ஸின் பெக்கேர் தன் நீராவி வண்டிக்காக உரிமை பெற்ற ஏற்பாட்டின் சாரமும் இதுவே. கிரவுன் வீல் எப்போதும் இரண்டு சக்கரங்களின் சராசரி வேகத்தில் சுற்றும். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நின்று, தூக்கிய சக்கரத்தை ஒருமுறை சுற்றினால் கிரவுன் அரைச் சுற்றுதான் போகும். ஷாஃப்டும் விகிதத்தில் பாதிதான் சுற்றும். 5.38 ஜீப்பில் இப்படி எண்ணினால் 2.69 வரும். விவரம் அறியாதவர் அதையே விகிதம் என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போவார். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் இரண்டு சுற்றை ஒரு சுற்றாகக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒன்றை மட்டும் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் ஓடும், ஷாஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும், கணக்கும் நிற்கும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் அங்கே இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் லிமிட்டெட் ஸ்லிப்போ லாக்கரோ இருக்கிறது என்று பொருள். ஆனால் மஹிந்திராவின் தார் போன்ற வண்டிகளில் வரும், வேக வித்தியாசம் கூடும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் ஈட்டன் டிஃபரன்ஷியல், கையால் மெதுவாகச் சுற்றும்போது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்ளும்.

ஒரு சக்கர முறையில் ஒரு பெரிய லாபம் உண்டு. வண்டியைத் தள்ளும்போது இடது டயரும் வலது டயரும் இம்மி பிசகாமல் ஒரே அளவாக இருக்காது. காற்று வித்தியாசம், தேய்மான வித்தியாசம் எல்லாம் எண்ணிக்கையில் ஏறும். பத்துச் சுற்றுக்கு மேல் போனால் இந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். இரண்டு டயரிலும் கோடு போட்டுச் சராசரி எடுக்க வேண்டியிருக்கும். ஒரு சக்கரம் அசையாமல் நிற்கும்போது டயரின் பங்கே இல்லாமல் போகிறது. மிஞ்சுவது பல்லும் பல்லும் மட்டும்.

அப்போது கிரவுனைத் திறக்காமலேயே பற்களை எண்ணிவிட முடியும். சொல்கிறேன். தூக்கிய சக்கரத்தின் கோடும் ஷாஃப்டின் கோடும் தத்தம் தொடக்கப் புள்ளியில் இருக்கட்டும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போங்கள்; இரண்டிரண்டு சுற்றாக எண்ணுங்கள். 41/11 ஆக்சிலில் நான்காவது ஜோடி முடியும்போது ஷாஃப்டின் கோடு தொடக்கப் புள்ளியை நெருங்கி வரும், ஆனால் 33 டிகிரி தள்ளி நிற்கும். ஏழாவது ஜோடியில் மறுபடி நெருங்கும், இந்த முறை மறுபக்கம் 33 டிகிரி தள்ளி. பதினோராவது ஜோடியில் இரண்டு கோடுகளும் ஒருசேர வந்து பொருந்தும்; ஷாஃப்ட் அதற்குள் 41 முறை சுற்றியிருக்கும். பதினொன்று பினியனின் பல், 41 கிரவுனின் பல். இரண்டு எண்ணுக்கும் பொதுக் காரணி இல்லாத வரை இது தவறாது. அப்படிப் பொதுக் காரணி இல்லாமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளர்களின் பொது வழக்கம் என்பதை மேலே பார்த்தோம். 4.100க்கும் 4.111க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சுற்றில் யாராலும் பார்க்க முடியாது. ஆனால் ஒன்பதாவது ஜோடியில் கோடுகள் பொருந்தினால் 37/9, பத்தாவதில் பொருந்தினால் 41/10. திசையை மட்டும் மாற்றக் கூடாது. பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளி, முன்னும் பின்னும் திருப்பினால் சில டிகிரி பொய் சொல்லும்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர்வது முறையல்ல. நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கும் எடுத்துவிட்ட நிலையில், ஒரு சக்கரத்தைத் தூக்கிய வண்டி, தடுக்க ஆளில்லாத வண்டி. முன் சக்கரங்கள் இரண்டுக்கும், தரையில் நிற்கும் பின் சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. பழைய ஜீப்புகளில் இன்னொரு பொறி உண்டு. அவற்றின் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஷாஃப்டின் தலைப்பில் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்துப் பிடித்திருந்தாலும், ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய கணமே டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழல விட்டு, வண்டியைத் தரையில் உருள விட்டுவிடும். ஏர் பிரேக் லாரியில் நேர்மாறு: டேங்கில் காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங் பிரேக் பின் சக்கரங்களைக் கவ்விப் பிடித்திருக்கும், சுற்றவே முடியாது. இன்ஜினை ஓட்டிக் காற்று ஏற்றி, பிரேக்கை விடுவித்து, இன்ஜினை நிறுத்திய பிறகுதான் எண்ண முடியும். தனியாக யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

ஓடும் வண்டியில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க அறிவியலாக இருக்கும் இந்த வழியைத்தான் நான் கருவியை நம்பி ஏமாறுவது என்று மேலே குறிப்பிட்டேன். சூத்திரம் நேரானது. வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றி, டயர் ஒரு சுற்றில் உருளும் தூரத்தால் வகுத்தால் சக்கரத்தின் சுற்று கிடைக்கும். நேரடி கியரில் இன்ஜின் சுற்றை அதனால் வகுத்தால் விகிதம். பின் சக்கர ஓட்டமுள்ள ஐந்து கியர் வண்டிகள் பலவற்றில் நேரடி கியர் நான்காவது. ஐந்தாவதில் ஓட்டினால் கணக்கே வேறு. 4.10 ஆக்சில் போட்ட ஒரு வண்டி, 215/75 ஆர் 15 டயர், சாக்பீஸால் தரையில் அளந்தால் ஒரு சுற்றுக்கு 2.14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 1,916 சுற்றில் இருக்கும். 1,916ஐ 467ஆல் வகுக்க 4.10, சரி.

இப்போது ஒரே ஒரு சோம்பேறித்தனம் செய்வோம். டயரைத் தரையில் அளக்காமல், பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவிலிருந்து விட்டம் 703 மில்லிமீட்டர், சுற்றளவு 2.21 மீட்டர் என்று கணக்கிட்டால் விடை 4.23 ஆகிவிடும். அது 4.10க்கும் 4.30க்கும் நடுவே தொங்கும். எதையும் முடிவு செய்ய முடியாது. எடையைத் தாங்கி உருளும் டயர், காற்றில் சுழலும் டயரைவிடச் சில சதவீதம் குறைவாகத்தான் உருளும். சரி, ஹப்பின் நடுவிலிருந்து தரை வரை உயரம் அளந்து ஆரமாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் பிழை, எதிர்ப்பக்கம்: ரேடியல் டயர் அடியில் நசுங்கியிருந்தாலும் அதன் பெல்ட்டின் நீளம் அவ்வளவு குறைந்துவிடாது.

இதைவிட மோசம் ஸ்பீடோமீட்டர். அது குறைத்துக் காட்டவே கூடாது, 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 39 தரும் சலுகை. முள் 60ஐக் காட்டும்போது உண்மை வேகம் 57 என்றால், இன்ஜின் 1,820 சுற்றில் இருக்கும். அதே 467ஆல் வகுத்தால் 3.897. கிரவுன் பட்டியலில் 43/11 என்று ஒரு ஜோடி இருக்கிறது. அதன் விகிதம் 3.909. அளந்தவர் மனநிறைவோடு '3.91' என்று எழுதிக்கொள்வார். தவறான விடை, சரியான விடையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. 4.23 வந்திருந்தால் சந்தேகமாவது எழும், 3.897 வந்தால் யாருக்கும் எழாது. ஆகவே இந்த வழியில் போவதானால் வேகத்தை ஜி.பி.எஸ்.ஸில் எடுங்கள், டயரை வண்டியின் எடையோடு தரையில் உருட்டி அளந்துகொள்ளுங்கள், மேடு பள்ளமில்லாத சாலையில் ஒரே வேகத்தில் போங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாத வரை இன்ஜின் சுற்றுக்கும் கியர்பாக்ஸ் சுற்றுக்கும் இடையே நழுவல் இருக்கும். கிளட்ச் தேய்ந்த வண்டியிலும் அப்படியே.

கடைசியாகத் திறந்து பார்ப்பது. மறுக்க முடியாத விடை இதில்தான். கிரவுனின் ஓரத்திலோ முகத்திலோ 41 11 என்பது போலப் பல் எண்ணிக்கையைப் பொறித்திருப்பது பரவலான வழக்கம். இல்லாவிட்டாலும் ஒரு பல்லில் பெயிண்ட் வைத்து எண்ணிவிடலாம். பின்பக்கம் தனி மூடி உள்ள ஆக்சில்களில் எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினால் போதும். நம் லாரிகளில் பரவலாக உள்ள அமைப்பில் மூடி என்று ஒன்றைத் தனியே கழற்ற முடியாது. இரு பக்க ஆக்சில் ஷாஃப்டுகளை உருவி, புரொப்பல்லர் ஷாஃப்டை இறக்கி, டிஃபரன்ஷியலை முன்பக்கமாக முழுசாக வெளியே எடுக்க வேண்டும். ஒரு எண்ணுக்காக மட்டும் இவ்வளவு வேலையும் செலவும் வீண். ஏற்கெனவே சத்தமோ ஒழுகலோ வந்து திறக்க வேண்டிய நாளில் பார்த்துக் குறித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சில வண்டிகளுக்கு மேலே சொன்னது முழுதாகப் பொருந்தாது. முன் சக்கர ஓட்டமுள்ள கார்களில் கிரவுனும் பினியனும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. எண்ணுவதற்கு ஷாஃப்ட் வெளியே இல்லை. ஏதாவது ஒரு கியரில் போட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியின் சுற்றை எண்ணலாம். கிடைப்பது மொத்த விகிதம், அதை அந்த கியரின் விகிதத்தால் வகுத்தாக வேண்டும். டிராக்டரிலும், ஹப்புக்குள் இன்னொரு குறைப்பு கொண்ட கனரக டிப்பரிலும் கிரவுன் பல்லை மட்டும் எண்ணினால் பாதி விடைதான் கிடைக்கும். ஹப்பின் விகிதத்தால் பெருக்க வேண்டும். ஷாஃப்டையும் சக்கரத்தையும் சேர்த்து எண்ணும் சாக்பீஸ் முறைக்கு அந்தத் தொல்லை இல்லை, முழு விகிதத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடும். பெரும்பாலான மின்கார்களில் கியர் மாற்றமே இல்லை, ஒரே நிலையான குறைப்பு: நிசான் லீஃபில் 7.94, தொடக்ககால டெஸ்லா மாடல் எஸ்ஸில் 9.73.

ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கடமை. முன் ஆக்சிலையும் தனியே எண்ணுங்கள். முன்னே 4.10, பின்னே 4.11 என்பது போன்ற நூலளவு வித்தியாசம் சேற்றிலும் மணலிலும் நழுவித் தீர்ந்துவிடும். முன்னே 4.88, பின்னே 5.38 என்று இருந்தால் ஃபோர் வீலைப் போட்டவுடன் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். தார்ச்சாலையில் சில மீட்டருக்குள் ஷாஃப்டுகள் முறுக்கேறி, ஜாயிண்டோ டிரான்ஸ்ஃபர் கேஸோ பலியாகும். பல வருடம் ஃபோர் வீலே போடாமல் ஓட்டிய ஜீப்பை வாங்குபவருக்கு இந்த ஆபத்து தெரியாமலே இருக்கும். முன் ஆக்சிலின் ஹப் லாக் பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு எண்ண வேண்டும்; திறந்திருந்தால் சக்கரம் மட்டும் சுற்றும், ஷாஃப்ட் அசையாது.

எந்த வழியை எப்போது என்று கேட்டால் என் பதில் இது. விகிதம் தெரிந்தால் போதும் என்பவருக்குத் தள்ளி எண்ணுவது. பக்கத்துப் பக்கத்து விகிதங்களைப் பிரிக்க வேண்டியவருக்கு ஒரு சக்கரத்தைத் தூக்கிக் கோடு பொருந்தும் வரை எண்ணுவது. காகிதமும் தகரமும் அந்த விடையை உறுதிப்படுத்த மட்டும். சாலைக் கணக்கு, மற்றவை ஒத்துவருகின்றனவா என்று பார்க்க.

விடை கிடைத்து, உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பல் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஜோடி எண் வேறு வேறாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஊளைச் சத்தத்தோடு தொடங்கிப் பல் உடைவதில் முடியும். முழு ஆக்சிலாக வாங்கினால் கடையிலேயே ஒரு சக்கர ஹப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றி, பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்றுகிறது என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்து மாட்டியதும், பல் எண்ணிக்கையையும் தேதியையும் ஹவுசிங்கின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதிவையுங்கள். பின்னாளில் கிரவுன் செட் மாறினால் அந்த எழுத்தையும் மறக்காமல் மாற்றுங்கள்.